விரல் சூப்பும் நான்கு மாதக் குழந்தை: கையுறையைக் கழற்றிவிடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு மாதம் முடியப்போகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். இரண்டரை மாதத்திலிருந்து வலது கைக் கட்டைவிரலைச் சூப்புகிறாள். தூக்கம் வரும்போது அதிகம். பால் குடித்து முடித்த கொஞ்ச நேரத்திலும் விரல் வாய்க்குப் போய்விடுகிறது. "பால் போதவில்லை, புட்டிப்பால் கொடு" என்கிறார் மாமியார். கைக்கு உறை மாட்டினோம். இப்போது உறையையே சூப்புகிறாள். விரலில் கசப்பாக ஏதாவது தடவலாம் என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது. என் கணவரின் அண்ணன் மகன் ஒன்பது வயது வரை விரல் சூப்பி, முன்பற்கள் தூக்கிக்கொண்டு, இப்போது கிளிப் போட்டிருக்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் பயந்துபோய் என் மகளின் கையை இழுத்துவிடுகிறேன், அவள் அழுகிறாள். விரலுக்குப் பதிலாகப் பேசிஃபயர் (சூப்புவதற்கென்றே விற்கும் ரப்பர் நிப்பிள்) பழக்கினால் பிறகு நிறுத்துவது சுலபம் என்கிறாள் தோழி. இரண்டு மாதத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: முதல் வேலையாகக் கையுறையைக் கழற்றிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

எச்சிலில் நனைந்த துணி மணிக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடந்தால் விரலிடுக்குகள் புண்ணாகும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, உறையின் உட்புறத்தில் பிரிந்து தொங்கும் நூலைப் பற்றி. அது விரல் நுனியைச் சுற்றிக்கொண்டு இறுகி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். குழந்தை ஏன் வீறிட்டு அழுகிறது என்று தெரியாமல் வீடே தவிக்கும். உறைக்குள் விரல் நீலம் பாய்ந்துகொண்டிருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அபூர்வமாக நடப்பதுதான், ஆனால் மருத்துவ இதழ்களில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கும் விபத்து. முகத்தைக் கீறிக்கொள்கிறாள் என்பதற்காக மாட்டியிருந்தால் நகத்தை வெட்டினால் போதும். சூப்புவதைத் தடுக்க மாட்டியிருந்தால், அந்த முயற்சிக்கு உங்கள் மகள் பதில் சொல்லிவிட்டாள். உறையையே சூப்புகிறாள் என்ற வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் வயதையும் பாருங்கள். பிறந்த குழந்தையின் கை வாய்க்குப் போவது பெரும்பாலும் தற்செயல். கை அங்கும் இங்கும் ஆடும், ஒரு நேரம் உதட்டில் படும், இன்னொரு நேரம் கண்ணில் குத்தும். இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் கைகள் நெஞ்சுக்கு நேராக வந்து ஒன்றையொன்று தொடத் தொடங்குகின்றன. குழந்தை தன் கையை உற்றுப் பார்க்கிறது, விரல்களை விரிக்கிறது, மடக்குகிறது, வாய்க்குக் கொண்டுபோகிறது. கண்டதைக் கையால் பிடித்து வாயில் வைத்துப் பார்ப்பது நான்காம் மாதத்தில் ஆரம்பிக்கும். உங்கள் மகள் இரண்டரை மாதத்தில் விரலைப் பிடித்துக்கொண்டது மிகச் சரியான காலத்தில் நடந்திருக்கிறது. ஐந்து விரல்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, இருட்டிலும் தடுமாறாமல் வாயில் வைத்துக்கொள்வதற்குக் கண், தோள், மணிக்கட்டு, தாடை எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். வளர்ச்சியைச் சோதிக்கும்போது நாங்கள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளும் விஷயம் இது. வீட்டில் அதையே ஒரு குறையாகப் பார்க்கிறீர்கள்.

இந்தப் பழக்கம் பிறந்த பிறகு வந்ததுகூட இல்லை. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலேயே சிசு விரலை வாயில் வைத்திருப்பதை ஸ்கேனில் பார்க்கிறோம். சில குழந்தைகள் மணிக்கட்டிலோ முன்கையிலோ ஒரு கொப்புளத்தோடு பிறக்கும். கருப்பைக்குள் அந்த இடத்தை விடாமல் சூப்பிய அடையாளம் அது, சில நாட்களில் தானே ஆறிவிடும். வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளரின் குழு, ஸ்கேனில் எந்தக் கை விரலைச் சூப்பியது என்று குறித்துவைத்த சிசுக்களை, அவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளான பிறகு மீண்டும் தேடிப்போய்ப் பார்த்தது. 2005இல் வெளியான அந்த ஆய்வில், வலது கட்டைவிரலைச் சூப்பிய 60 பேரும் வலது கைக்காரர்களாகவே வளர்ந்திருந்தார்கள். இடதைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடது கைக்காரர்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் விரல் சூப்புவது நீங்கள் கவனிக்காதபோது ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் என்ற எண்ணத்தைக் கலைக்க இது போதும்.

சரி, மாமியாரின் சந்தேகத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உண்மையாகவே நின்று பேச வேண்டிய விஷயம் இதுதான். மற்ற கவலைகள் எல்லாம் இரண்டு மூன்று வருடம் கழித்து எடுத்துக்கொள்ளலாம். பால் போதுமா என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. முதல் ஆறு வாரங்களில் கை வாய்க்குப் போவது பசியின் நல்ல அடையாளம். முதலில் குழந்தை நெளியும், வாயைத் திறந்து திறந்து மூடும், கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பித் தேடும். அடுத்து முஷ்டி வாய்க்குப் போகும். அதையும் நாம் கவனிக்காவிட்டால்தான் அழும். அழுகை பசியின் கடைசி அறிவிப்பு. குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்மணி ஒருவர் இந்த வரிசையை மனத்தில் வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த அடையாளம் நம்பகமானதாக இருப்பதில்லை. கை இப்போது பசிக்கும் வரும், தூக்கத்துக்கும் வரும், சலிப்புக்கும் வரும், கூட்டமும் சத்தமும் தாங்காதபோதும் வரும், சும்மாவும் வரும். எந்தக் காரணத்துக்கு வந்தது என்பதைக் கையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

சூப்பும் விதத்தைக் கவனித்தால் ஓரளவு தெரியும். பால் உறிஞ்சும்போது குழந்தையின் தாடை ஆழமாக இறங்கி ஏறும், ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை. நடுநடுவே விழுங்கும் ஒலி கேட்கும். வெறுமனே சூப்பும்போது வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. படபடவென்று கொஞ்ச நேரம், பிறகு ஓர் இடைவெளி, மறுபடியும் படபடப்பு. பால் குடித்து முடித்தபின் உங்கள் மகள் விரலை இந்த இரண்டாவது விதத்தில், உடம்பு தளர்ந்து, கண் சொருகச் சூப்புகிறாள் என்றால் அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது; வாய்க்குத்தான் இன்னும் வேலை வேண்டும். உடம்பு விறைத்து, தலை இங்குமங்கும் திரும்பி, விரலை எடுப்பதும் வைப்பதுமாகச் சிணுங்கினால் மார்பில் வைத்துப் பாருங்கள். கடிகாரம் என்ன சொன்னாலும் சரி.

பால் போதுமா என்ற கேள்விக்கு விரல் பதில் சொல்லாது, எடையும் சிறுநீரும் சொல்லும். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைய வேண்டும், சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் பெரும்பாலான குழந்தைகள் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடுவார்கள், பிறகு வேகம் சற்றுக் குறையும். நான்கு அல்லது ஐந்தாம் மாத வாக்கில் பிறந்த எடை இரண்டு மடங்காகிவிடும். தடுப்பூசி அட்டையில் எடைக்கான கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் புள்ளிகள் ஒரு கோட்டின் போக்கில் ஏறிக்கொண்டே வந்தால் உங்கள் பால் போதும். மாமியாரிடம் வாதாட வேண்டாம். அந்த அட்டையை அவர் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்கள், அத்தை" என்று சொல்லுங்கள். பேத்தி பட்டினி கிடக்கிறாளோ என்ற பயத்தில் பேசுபவருக்கு, புத்தகத்தில் இருப்பதைச் சொல்வதைவிட இது ஆறுதலாக இருக்கும்.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. நான்கு மாதக் குழந்தைக்குப் பால் குடிப்பதில் திறமை வந்துவிடும். முன்பு அரைமணி நேரம் குடித்தவள் இப்போது பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு விளக்கைப் பார்ப்பாள், கதவுச் சத்தத்துக்குத் திரும்புவாள். உங்கள் மார்பும் முன்போல் கனத்துக் கட்டிக்கொள்ளாது. தேவைக்கேற்பச் சுரக்கப் பழகியிருக்கும். குறைந்த நேரம் குடிக்கிறாள், மார்பு இளகியிருக்கிறது, உடனே விரலும் வாய்க்குப் போகிறது: மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் பால் வற்றிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவில் புட்டிப்பாலைத் தொடங்கினால் உண்மையிலேயே பால் குறையும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். வயிற்றைப் புட்டியால் நிரப்பினால் மார்பைத் தேடுவது குறையும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எடை ஏறாதபோது புட்டிப்பாலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கலாம், அதைக் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும். விரல் சூப்புவது மட்டும் அதற்குக் காரணமாகாது.

ஒரே ஓர் எச்சரிக்கை, இது எதிர்த்திசையில். விரல் சூப்பும் குழந்தைகள் சிலர் மிகவும் சமர்த்தாக இருப்பார்கள். பசித்தாலும் கொஞ்ச நேரம் விரலோடு பொறுத்துக்கொள்வார்கள், வீட்டில் எல்லோரும் "என்ன சமர்த்து!" என்று அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எடை மெதுவாக ஏறும் குழந்தையாக இருந்தால் இந்தச் சமர்த்து கெடுதல் செய்யும். அப்படிப்பட்ட குழந்தை அழட்டும் என்று காத்திருக்காமல் நாமே எடுத்துப் பால் கொடுக்க வேண்டும். உங்கள் மகளின் எடை சரியாக இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். நீங்கள் வேலைக்குப் போன பிறகு அவளைப் பார்த்துக்கொள்பவர் மறக்கக் கூடாது.

இப்போது பல். ஒன்பது வயது வரை சூப்பிய அண்ணன் மகனையும் நான்கு மாதக் குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். இருவருக்கும் இடையில் நடந்தாக வேண்டியவை ஏராளம். உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு பல்கூட முளைக்கவில்லை. கீழ்வரிசையின் நடுப்பற்கள் ஆறு முதல் பத்து மாதத்துக்குள் எட்டிப்பார்க்கும். பால் பற்கள் எல்லாம் வந்து முடிய இரண்டரை, மூன்று வயதாகும். நிரந்தர முன்பற்கள் ஆறு, ஏழு வயதில்தான் வரும். விரல் சூப்புவதால் வரும் பல் தொல்லைகளில் நிலைத்துப்போகிறவை பெரும்பாலும் அந்த நிரந்தரப் பற்கள் வந்த பிறகும் பழக்கம் தொடர்ந்தால் உண்டாகின்றவை.

என்ன தொல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல் முன்பற்கள் வெளிப்பக்கம் சாயும், கீழ் முன்பற்கள் உள்பக்கம் சாயும். வாயை மூடிக் கடித்தாலும் மேலும் கீழும் முன்பற்கள் தொடாமல் நடுவில் ஒரு திறப்பு நிற்கும். விரல் வழக்கமாக இருந்த இடம் அது. கன்னத் தசைகள் இரு பக்கமும் அழுத்துவதால் மேல்தாடை குறுகி, கடைவாய்ப் பற்கள் மாறிக் கடிக்கும். எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை வயது வரை என்ற மூன்றும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. தூங்கப்போகும்போது கால்மணி நேரம் சூப்பிவிட்டு விரலை விட்டுவிடும் குழந்தையும், பகலெல்லாம் கன்னம் குழியும்படி உறிஞ்சும் குழந்தையும் ஒன்றல்ல. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பால் பற்களில் ஏதாவது கோணல் வந்திருந்தாலும் அந்த வயதில் நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் அது தானே நேராகிவிடும். தாடையின் அமைப்பு பெற்றோரிடமிருந்து வருவது என்பதையும் மறக்காதீர்கள்; ஒருநாளும் விரல் சூப்பாத பிள்ளைகளுக்கும் முன்பல் தூக்கிக்கொள்கிறது. அந்தப் பையனின் பல்லுக்கு விரல் ஒன்றுதான் காரணம் என்று குடும்பம் முடிவு செய்திருக்கலாம். அவன் வாயைப் பார்க்காமல் நான் அதற்குத் தலையாட்ட மாட்டேன். எதுவானாலும், அவன் காதுபட இதையே உதாரணம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், பாவம்.

மூன்று வயதைத் தாண்டியும் பகலில் விடாமல் சூப்பினால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது செய்ய வேண்டியவை வேறு. அந்த வயதுக் குழந்தைக்குச் சொன்னால் புரியும், பாராட்டினால் முயலும், திட்டினால் ஒளிந்துகொண்டு சூப்பும். நான்கு மாதக் குழந்தைக்கு இந்த வழிகளில் எதுவுமே இல்லை. இன்று அவளிடம் பழக்கத்தை நிறுத்த முயல்வது, நிறுத்தும் திறனே இல்லாத ஒருவரிடம் சண்டை போடுவதுதான்.

இந்தப் பயம் புதியதில்லை என்பது உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். 1914இல் அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பணியகம் தாய்மார்களுக்காக வெளியிட்ட கையேடு, விரல் சூப்பும் குழந்தையின் சட்டைக் கையை விரல்களுக்கு மேலே இழுத்துவிட்டு, ஊசியால் குத்தியோ தைத்தோ வைக்கச் சொன்னது. அரசாங்க முத்திரை, அப்படியும் அதே கையுறை! 1940களில் வந்த பதிப்புகளில் அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் அதே இடத்தில் மீண்டும் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

கசப்பைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை: வேண்டாம். அந்த விரல் வாய்க்கு மட்டும் போவதில்லை. கண்ணையும் அதே விரல்தான் கசக்கும். நெடியும் காரமும் உள்ள எதுவும் பச்சிளம் குழந்தையின் வாயில் படக் கூடாது, கற்பூரம் கலந்த எதுவும் கண்டிப்பாகக் கூடாது. கசப்புக்கும் விரலுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ளும் வயதும் இதில்லை. தன் கையே தனக்கு ஏன் இப்படிச் செய்தது என்று திகைத்து அழுவாள், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, குழந்தையை அமைதிப்படுத்த விரலிலோ நிப்பிளிலோ தேன் தொட்டு வைப்பவர்களும் உண்டு. ஒரு வயது நிறையும் வரை ஒரு துளித் தேன்கூடக் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பாக்டீரியாவின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே தடைபடும் அளவுக்குப் போகலாம்.

பேசிஃபயர் விஷயத்தில் உங்கள் தோழி சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன். ரப்பர் நிப்பிளை ஒருநாள் எடுத்து மறைத்துவிடலாம், கட்டைவிரலை மறைக்க முடியாது. அந்த அளவில் அவர் சொல்வது சரி. தூங்கப்போகும்போது பேசிஃபயர் வைக்கும் குழந்தைகளுக்கு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணம் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம், தாய்ப்பால் ஒழுங்காக நிலைபெற்ற பிறகு தூக்க நேரத்தில் அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு காலத்தில் மகப்பேறு மருத்துவமனைகளில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குப் பேசிஃபயர் கொடுக்கவே கூடாது என்றது. 2018இல் திருத்திய வழிகாட்டுதலில், அதன் பயன்பாட்டையும் ஆபத்துகளையும் தாய்க்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்று மாற்றிக்கொண்டது.

மறுபக்கமும் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகும் பேசிஃபயர் தொடர்ந்தால் காதுத் தொற்று கூடுகிறது. கழுவ வேண்டும், கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடவே கூடாது. நள்ளிரவில் அது கீழே விழுந்தால் தேடி எடுத்து வைக்க நீங்கள்தான் எழ வேண்டும். விரலை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். வருடக்கணக்கில் நீடித்தால் பேசிஃபயரும் பல்லைக் கெடுக்கத்தான் செய்யும்.

என் கருத்தைக் கேட்டால்: பிறந்த ஒன்றரை மாதத்தில் நீங்கள் கேட்டிருந்தால் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லியிருப்பேன். இப்போது உங்கள் மகளே தேர்ந்தெடுத்துவிட்டாள். விரலைப் பிடுங்கிவிட்டு ரப்பரைத் திணிக்கும் போராட்டத்துக்கு ஏற்ற லாபம் இல்லை. தூக்க நேரத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள், பிடித்தால் சரி, துப்பினால் விட்டுவிடுங்கள். தூக்கத்தின் பாதுகாப்பு உங்களுக்கு முக்கியம் என்றால் அதைவிடப் பெரிய விஷயங்கள் உண்டு: எப்போதும் மல்லாக்கப் படுக்கவைப்பது, விறைப்பான சமமான படுக்கை, தலையணையும் தளர்ந்த போர்வையும் பக்கத்தில் இல்லாதது, குழந்தை இருக்கும் இடத்தில் யாரும் புகைக்காதது.

கிருமிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அடுத்த வாரம் யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் கையை நாளுக்குச் சில தடவை வெறும் தண்ணீரில் துடைத்துவிடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், அவளைத் தூக்குபவர்கள் கை கழுவட்டும். போதும். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த ஏறக்குறைய ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு இருக்கிறது. சிறுவயதில் விரல் சூப்பியவர்கள் அல்லது நகம் கடித்தவர்களில் 38 சதவீதம் பேருக்கும், இரண்டுமே இல்லாதவர்களில் 49 சதவீதம் பேருக்கும் பதின்மூன்று வயதில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை அறிகுறி தெரிந்தது. இதற்காக விரல் சூப்பப் பழக்குங்கள் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விரலில் இருக்கும் அழுக்கை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம் என்பதற்காக மட்டும் குறிப்பிட்டேன்.

அப்படியானால் விரல் வாயில் இருக்கும்போது என்னதான் செய்வது? பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்ய வேண்டாம். கையை இழுப்பதை நிறுத்துங்கள். இழுக்க இழுக்க அவளுக்குப் பதற்றம், பதற்றத்துக்கு அவளிடம் இருக்கும் ஒரே மருந்து அந்த விரல். விழித்திருக்கும்போது சலிப்பில் சூப்புகிறாள் என்று தோன்றினால் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் கொடுங்கள், வயிற்றின் மேல் படுக்கவைத்து எதிரில் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு கைக்கும் வேறு வேலை கிடைக்கும். தூக்கத்துக்காகச் சூப்பினால் விட்டுவிடுங்கள். தூக்கம் ஆழமானதும் தாடை தளர்ந்து விரல் தானே நழுவும். அப்படி நழுவாவிட்டாலும் இந்த வயதில் எடுத்துவிட வேண்டியதில்லை.

வேலைக்குத் திரும்பும்போது சில வாரங்கள் விரல் அதிகமாகலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு, தாய் கண்ணில் படாவிட்டால் கலங்கும் பருவமும் அதோடு சேர்ந்து வரும். உங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள். அவளைப் பார்த்துக்கொள்ளப்போகும் நபரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள்: கையைத் தட்டிவிடக் கூடாது, விரல் வாயில் இருக்கிறது என்பதற்காகப் பசியில்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியாக எப்போது குடித்தாள், டயப்பர் எப்போது நனைந்தது என்று ஒரு தாளில் குறித்துவைக்கச் சொன்னால் மாலையில் உங்களுக்கும் நிம்மதி.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலைமைகள் சில உண்டு. எடைக்கோடு படுத்துக்கொண்டால்; ஆறு தடவைக்குக் குறைவாக நனைந்தால்; விரலை விடாமல் சூப்பிக்கொண்டே பாலை மட்டும் மறுத்தால்; உறிஞ்சும் பலம் குறைந்து சோர்ந்து கிடந்தால். நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கி, சீழ் கட்டினாலோ சிறு நீர்க்கொப்புளங்கள் வந்தாலோ தாமதிக்க வேண்டாம். விரலின் மேல்தோல் தடித்துக் காய்ப்பது மட்டும் என்றால் பயமில்லை.

வலது கட்டைவிரலை மட்டும் சூப்புவதில் தவறில்லை. ஆனால் இடது கையையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அதுவும் விரிகிறதா, பொம்மையை நோக்கி நீள்கிறதா, நெஞ்சுக்கு நடுவே வருகிறதா? ஒரு கை எப்போதும் இறுக்கி மூடியபடி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தால், அல்லது ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதைச் சும்மா விட்டிருந்தால், அதைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கும் சூப்புவதற்கும் சம்பந்தம் இல்லை. இவ்வளவு உன்னிப்பாகக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள் இதையும் பார்த்துவிடலாம் என்பதால் சொல்கிறேன்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது எடை, நீளம், தலைச்சுற்றளவு மூன்றையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். பிறந்த எடையும் அதற்குப் பிறகு எடுத்த எடைகளும் தேதியோடு இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். அந்த எண்களைப் பார்த்தால் புட்டிப்பால் பேச்சை உங்கள் வீட்டில் ஒரேயடியாக முடித்துவைக்கலாமா என்று என்னால் சொல்ல முடியும்.